கிளாமிடோமோனாஸில் ஆர்.என்.ஏ. அளந்த கதை

கிளாமிடோமோனாஸ் ரைன்ஹார்டி என்ற ஒருசெல் பச்சைப் பாசிக்கு வாழ்க்கையில் மூன்று வேஷம். சத்து இருக்கும்வரை இரண்டு கசையிழைகளை ஆட்டிக்கொண்டு நீந்தும், பிளந்து பிளந்து பெருகும். நைட்ரஜன் தீர்ந்தால் இனச்செல்லாக மாறும். பிளஸ் வகை இனச்செல்லும் மைனஸ் வகை இனச்செல்லும் சந்தித்தால் இரண்டும் ஒன்றாகி சைகோட் ஆகும். அப்புறம் தடித்த சுவர் கட்டிக்கொண்டு சைகோஸ்போராகக் கிடக்கும். வெளிச்சமும் நைட்ரஜனும் திரும்பி வந்தால் குன்றல் பிரிவு நடந்து மறுபடியும் நீந்தும் செல்கள் வெளியே வரும்.

எந்தக் கட்டத்தில் எந்த மரபணு பேசுகிறது, அதாவது எதன் தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு உருவாகிறது என்பதை ஐந்தாறு மரபணுக்களில் மட்டும் அளந்து பார்க்கலாம் என்று இறங்கினேன். ஃபஸ்1 பிளஸ் வகைக்கு மட்டுமே உரியது, செல் இணைவுக்குத் தேவை. மிட் மைனஸ் வகைக்கு மட்டும் உரியது. ஒரு செல் மைனஸாக நடந்துகொள்வதே அதனால்தான். ஜிஎஸ்பி1 பிளஸ் இனச்செல்லிலும் ஜிஎஸ்எம்1 மைனஸ் இனச்செல்லிலும் தயாராகும். ஈஸி1 சைகோட் உருவானதும் எழும்புவது. இவற்றோடு அளவுகோலாக ராக்1. பாசிக்காரர்கள் பலரும் பழக்கமாக வைத்துக்கொள்ளும் ஒப்பீட்டு மரபணு அது: அளவு மாறாது என்று நம்பி, மற்ற மரபணுக்களின் அளவை அதனால் வகுத்துச் சொல்வார்கள். அதிக வேலை வைத்தது அந்தக் கடைசி ஆள்தான்.

வித்துகள்

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள கிளாமிடோமோனாஸ் வள மையத்திலிருந்து வந்த சிசி-620, சிசி-621 என்ற இரண்டு வித்துகள், அதாவது பாசியின் இரண்டு தனி வம்சங்கள். முதலாவது பிளஸ், இரண்டாவது மைனஸ். நன்றாக இணையும் ஜோடி என்பதற்காகவே இவற்றை எடுத்தேன். ஆய்வகங்களில் புழங்கும் ரைன்ஹார்டி வித்துகளில் பெரும்பாலானவற்றின் பூர்விகம், 1945-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆம்ஹெர்ஸ்ட் அருகே ஓர் உருளைக்கிழங்கு வயல் மண்ணிலிருந்து எடுத்த பாசி.

வந்த சாய்வுக் குழாய்களிலிருந்து தட்டில் கோடு போட்டுத் தனிக் காலனி எடுத்ததும் முதல் வேலை, எது பிளஸ் எது மைனஸ் என்று, டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் காட்டும் பிசிஆரில் உறுதி செய்வது. காலனியைக் கொஞ்சம் சுரண்டிக் கொதிக்க வைத்து, மிட் பிரைமர் ஒரு குழாய், ஃபஸ்1 பிரைமர் ஒரு குழாய் (பிரைமர் என்பது பெருக்க வேண்டிய இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு). பிளஸ் என்றால் ஃபஸ்1 பட்டை மட்டும், மைனஸ் என்றால் மிட் பட்டை மட்டும் வரவேண்டும். இரண்டும் வந்தால் தட்டில் கலப்படம். இந்த ஜோடிச் சோதனையை ஒவ்வொரு புது வளர்ப்புக்கும் செய்தேன். மைக்ரோஸ்கோப்பில் இரண்டு வகையும் அச்சு அசலாக ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணை நம்பிப் பயனில்லை.

பிரைமர் வடிவமைக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. 2007-ல் வெளியான மரபணுத்தொகுதி சிசி-503 என்ற வித்தினுடையது. அது பிளஸ் வகை. ஆகவே மிட்டை அந்தத் தொகுதிக்குள் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. மைனஸ் பக்கத்து வரிசையைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்.என்.ஏ. முழுவதையும் வரிசைப்படுத்தி இந்தப் பழைய தொகுதியின் மேல் பொருத்துகிறவர்களுக்கும் இதே வம்புதான்: மைனஸ் வகையின் மிக முக்கியமான மரபணு பட்டியலிலேயே இருக்காது, இல்லை என்ற செய்தியும் வராது.

இன்னொரு தொல்லை, இந்தப் பாசியின் டிஎன்ஏவில் ஜியும் சியும் சேர்ந்து சுமார் 64 சதவீதம். இழைகள் பிரிய மறுக்கும், பிரைமர்கள் தமக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். பிசிஆர் கலவையில், இழைகள் பிரிய உதவும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை 5 சதவீதம் சேர்த்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, தூது ஆர்.என்.ஏவின் வால் பக்கமாகவே பிரைமர்களை நகர்த்தினேன். பாலி-ஏ வாலிலிருந்து ஆர்.என்.ஏவை டிஎன்ஏவாக நகலெடுக்கத் தொடங்கும் நொதி, ஜி-சி அடர்ந்த இடத்தில் தடுக்கி நின்றாலும் அதற்குள் நமக்கு வேண்டிய துண்டு நகலாகியிருக்கும்.

பட்டினி போடுதல்

வளர்ப்பு ஊடகம் டாப்: டிரிஸ், அசிட்டேட், பாஸ்பேட். லிட்டருக்கு 2.42 கிராம் டிரிஸ், பிஎச் 7-க்குக் கொண்டுவர ஒரு மில்லி அளவில் அசிட்டிக் அமிலம், நைட்ரஜனுக்கு சுமார் 0.4 கிராம் அம்மோனியம் குளோரைடு, மற்ற உப்புகள், கடைசியாக ஹட்னர் நுண்சத்துக் கரைசல் ஒரு மில்லி. இந்த ஹட்னர் கரைசல் செய்த புதிதில் பச்சையாக இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் ஊதாவுக்கு மாறும். மாறினால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நைட்ரஜன் இல்லாத டாப் என்றால் அம்மோனியம் குளோரைடை மட்டும் விட்டுவிட வேண்டும். ஹட்னர் கரைசலில் அம்மோனியம் மாலிப்டேட் இருக்கிறதே என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் ஊடகத்தில் வந்து சேருவது 5 மைக்ரோமோலார் சொச்சம். சாதாரண டாப்பில் இருப்பது 7.5 மில்லிமோலார். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, விட்டுவிடலாம்.

நைட்ரஜன் பட்டினிதான் இனச்செல்லாக மாறும் பொத்தான் என்று ரூத் சாகரும் சாம் கிரானிக்கும் 1954-லேயே காட்டிவிட்டார்கள். செய்முறை இன்றைக்கும் அதேதான். செல்களை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அடியில் இறக்கி, நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் இரண்டு முறை கழுவி, மில்லிக்கு ஒரு கோடி செல் என்ற அடர்த்தியில் வெளிச்சத்தில் ஓர் இரவு மெதுவாக ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று, வளரும் செல் மாதிரியை எப்போது எடுப்பது என்பது. மில்லிக்கு 20 முதல் 40 லட்சம் செல் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கரும்பச்சையாக முற்றிய வளர்ப்பில் அம்மோனியம் தானாகவே குறைந்து, செல்கள் பட்டினிப் பாதையில் கால் வைத்திருக்கும். அதை வளரும் செல் என்று எழுதி ஒப்பிட்டால் வித்தியாசம் மங்கிவிடும். இரண்டாவது, சென்ட்ரிஃபியூஜ். 1000 ஜிக்கு (புவியீர்ப்பைப்போல ஆயிரம் மடங்கு) மேல் போகவில்லை. வேகமாகச் சுற்றினால் கசையிழை கழன்றுவிடும், இணையவும் வராது. அதோடு முடிவதில்லை. கசையிழை இழந்த செல் உடனே அதை மறுபடி கட்டத் தொடங்கும், கசையிழையைக் கட்டும் டியூபுலின் புரதத்தின் மரபணுக்கள் ஒரேயடியாக எழும்பும். நீங்கள் அளப்பது வாழ்க்கைக் கட்டத்தையா, உங்கள் கையின் முரட்டுத்தனத்தையா என்று தெரியாமல் போகும்.

வெளிச்சம்–இருட்டு சுழற்சியையும் தவிர்த்து, தொடர் வெளிச்சத்தில்தான் எல்லாவற்றையும் வளர்த்தேன். பகல் இரவு கொடுத்து வளர்த்த கிளாமிடோமோனாஸில் பெரும்பாலான மரபணுக்கள் நேரத்துக்கு ஏற்ப ஏறி இறங்குபவை. காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் ஒப்பிட்டால் கட்ட வித்தியாசம் எது, மணி வித்தியாசம் எது என்று பிரிக்க முடியாது.

காலையில் பட்டினி ஃபிளாஸ்க்குகள் பச்சை வெளிறி இலேசாக மஞ்சள் தட்டியிருக்கும். அதில் அம்மோனியம் ஊற்றினால் பழைய குருடி கதவைத் திறடி என்று இனச்செல்கள் வளரும் செல்களாகத் திரும்பிவிடும். கலக்கும் வரைக்கும் அந்த மேசைப் பக்கம் சாதாரண டாப் பாட்டிலையே கொண்டுவராமல் பார்த்துக்கொண்டேன்.

கலக்கும் நேரம்

இரண்டு ஃபிளாஸ்க்கிலும் எண்ணிச் சமமாக எடுத்து ஒரு கூம்புக் குடுவையில் ஊற்றினேன். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சீரான பச்சை நீர் திரிந்த பால்போல நொய் நொய்யாகத் தெரியும். பக்கத்தில் நின்ற ஆய்வக ஜூனியர் பதறிவிட்டாள்: "அக்கா, கட்டி கட்டியா ஆயிடுச்சே, கெட்டுப்போச்சா?" ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். கசையிழைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கொத்துக் கொத்தாகத் துடித்துக்கொண்டிருந்தன. இந்த ஒட்டல் நடந்தால்தான் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு ஏறும், சுவர் கழலும், இணைவு நடக்கும். கலக்காமல் தனித்தனியே வைத்த பிளஸ் ஃபிளாஸ்க்கும் மைனஸ் ஃபிளாஸ்க்கும் சீராகவே இருந்தன.

அரை மணி கழித்து ஒரு சொட்டை லூகால் அயோடினில் நிலைப்படுத்தி, செல் எண்ணும் கண்ணாடித் தகடான ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணினேன். இரண்டு கசையிழை இருந்தால் இன்னும் இணையாதது, நான்கு இருந்தால் இணைந்தது. நான்கு உள்ள ஒவ்வொன்றும் இரண்டு செல்லால் ஆனது என்பதால், நான்கு உள்ளவற்றின் இரு மடங்கை, அதோடு இரண்டு உள்ளவற்றைக் கூட்டி வந்த தொகையால் வகுக்க வேண்டும். இந்த விகிதம் இல்லாமல் சைகோட் மாதிரியின் எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது. பத்தில் மூன்று செல் இணையாமல் நின்றால், நீங்கள் சைகோட் என்று சொல்லும் குழாயில் பத்தில் மூன்று பங்கு இனச்செல் ஆர்.என்.ஏதான்.

ஆர்.என்.ஏ. எடுக்கும் வேலைக்கு நடுவே ஒன்றை மட்டும் வேடிக்கை பார்க்கவே செய்தேன். சைபர் கிரீன் சாயத்தில் டிஎன்ஏ ஒளிரும். புதிதாக இணைந்த செல்லில் இரண்டு பசுங்கணிகங்கள், இரண்டிலும் பச்சைப் புள்ளிகள் தூவினாற்போல இருக்கும். ஒன்றரை மணிக்குள் ஒன்றில் மட்டும் புள்ளிகள் காணாமல் போயிருக்கும். அது மைனஸ் பெற்றோரின் பசுங்கணிக டிஎன்ஏ. உட்கருவுக்கு இரண்டு பேரும் சமமாகத் தருகிறார்கள், பசுங்கணிக டிஎன்ஏ மட்டும் பிளஸ் பக்கத்து வாரிசு. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நேர் எதிராக மைனஸ் பக்கத்திலிருந்து வரும். ஏன் இப்படி ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன என்று யோசித்தபடியே அடுத்த மாதிரியின் நேரம் வந்துவிட்டது.

ஆர்.என்.ஏ.

ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் டிரைசால் என்ற திரவத்தில் செல்லை உடைத்து, குளோரோஃபார்ம் போட்டுப் பிரித்து, ஐசோபுரோப்பனாலில் வீழ்த்துவது எல்லோரும் செய்வதுதான். புகைக்கூண்டுக்குள் செய்யுங்கள், அவ்வளவுதான். பட்டினி மாதிரிகளில் மட்டும் ஒரு கூடுதல் சங்கடம். அசிட்டேட் குடித்துக்கொண்டு நைட்ரஜன் இல்லாமல் இருக்கும் செல் மாவுச்சத்தாகச் சேர்த்துக்கொள்ளும். உடைத்துச் சுற்றியதும் குழாயின் அடியில் சுண்ணாம்பு வைத்ததுபோல வெள்ளை வட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைத் தொடாமல் மேல் திரவத்தை வேறு குழாய்க்கு மாற்றினேன். வீழ்த்தும்போது ஐசோபுரோப்பனாலைப் பாதியாக்கி, மறுபாதிக்கு சோடியம் சிட்ரேட் 0.8 மோலார், சோடியம் குளோரைடு 1.2 மோலார் உள்ள உப்புக் கரைசல். மாவுச்சத்துச் சர்க்கரைகள் கரைசலிலேயே தங்கிவிடும், ஆர்.என்.ஏ. மட்டும் இறங்கும். ஆர்.என்.ஏவின் தூய்மையைக் காட்டும் 260–230 ஒளி உறிஞ்சல் விகிதம் இதற்கப்புறம்தான் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்தது. டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்ட பிறகு, டிஎன்ஏ மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, நகலெடுக்கும் நொதி சேர்க்காத குழாயும் எல்லா மாதிரிக்கும் ஓட்டினேன்.

முதல் சுற்று முடிவுகள் பாடப்புத்தகம்போல வந்தன. ஃபஸ்1 வளரும் பிளஸ் செல்லில் கிட்டத்தட்ட இல்லை, இனச்செல்லில் நன்றாக ஏறியது, மைனஸில் எப்போதும் பூஜ்யம். மைனஸின் டிஎன்ஏவிலேயே அது கிடையாது என்பதால் அந்தப் பூஜ்யம் ஒரு நல்ல காவலாள். மிட் மைனஸில் பட்டினிக்கு ஏறியது. பிசிஆரில் ஒவ்வொரு சுழற்சிக்கும் நகல் இரட்டிக்கும்; முந்தித் தெரிந்தால் ஆர்.என்.ஏ. அதிகம். ஈஸி1 இரண்டு இனச்செல்லிலும் 35 சுழற்சி வரை தலைகாட்டவில்லை. கலந்த அரை மணி மாதிரியில் 20-களின் நடுவிலேயே கோடு எழும்பிவிட்டது.

இவ்வளவு வேகமாக எப்படி எழும்புகிறது என்பதற்கு விடை ஜிஎஸ்பி1, ஜிஎஸ்எம்1 ஜோடியில் இருக்கிறது. இரண்டு புரதமும் முன்கூட்டியே இனச்செல்களில் தயாராக இருக்கும். தனித்தனியாக இருக்கும்வரை சைகோட் வேலை தொடங்காது. செல்கள் இணைந்ததும் அவை கைகோத்து உட்கருவுக்குள் போய் சைகோட் மரபணுக்களை எழுப்பும். 2008-ல் உர்சுலா குட்எனஃப் குழு இரண்டையும் ஒரே வளரும் செல்லில் வெளிப்படச் செய்தபோது, இணைவே நடக்காமல் அது சைகோட் வேலையைத் தொடங்கிவிட்டது. ஜிஎஸ்எம்1 சேர்ந்த குடும்பத்துக்கு நாக்ஸ் என்று பெயர், மக்காச்சோளத்தின் நாட்டட்1 மரபணுவை வைத்து வந்த பெயர். இலை, தண்டு எதுவும் இல்லாத ஒற்றைச் செல்லில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த வேலை இதுதான் என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி.

அளவுகோல் சிக்கல்

சரி, ராக்1-க்கு வருவோம். ஒவ்வொரு மாதிரியிலும் 1 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. எடுத்து நகலெடுத்தேன். வளரும் செல்லிலும் இனச்செல்லிலும் ராக்1 கிட்டத்தட்ட ஒரே சுழற்சியில் வந்தது. நிலையான மரபணு, நல்ல அளவுகோல் என்று அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் பட்டினி மாதிரிகளில் ஒரு கோடி செல்லுக்குக் கிடைத்த மொத்த ஆர்.என்.ஏ. எப்போதும் குறைவாகவே இருந்தது உறுத்தியது. பிரித்தெடுப்பில் வீணாகிறதா, செல்லுக்குள்ளேயே குறைவா?

இதற்கு ஸ்பைக் ஆர்.என்.ஏ. போட்டேன். மின்மினிப் பூச்சியின் லூசிஃபரேஸ் மரபணுவிலிருந்து குழாயில் தயாரித்த ஆர்.என்.ஏ.; பாசியில் அப்படி ஒன்று கிடையாது. ஒரு கோடி செல்லுக்கு இவ்வளவு என்று கணக்காக, டிரைசால் ஊற்றிய கையோடு சேர்த்துவிட்டேன். பிறகு வழக்கம்போல 1 மைக்ரோகிராம். இனச்செல் மாதிரியில் லூசிஃபரேஸ் ஒரு சுழற்சிக்கும் மேலாக முந்தி வந்தது. அதாவது அதே 1 மைக்ரோகிராமுக்குள் இரண்டு மடங்குக்கும் மேலான செல்களின் ஆர்.என்.ஏ. அடங்கியிருக்கிறது. வீணானது என்றால் ஸ்பைக்கும் சேர்ந்தே வீணாகியிருக்கும், விகிதம் மாறியிருக்காது. ஆக செல்லுக்குள்தான் குறைவு.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இனச்செல்லாக மாறும்போது இந்தப் பாசி தன் ரைபோசோம்களில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது என்று சியர்ஸ்மாவும் சியாங்கும் 1971-ல் எழுதியிருக்கிறார்கள். மொத்த ஆர்.என்.ஏவில் பெரும்பங்கு ரைபோசோமுடையது. நைட்ரஜன் வராத காலத்தில் வீட்டில் இருப்பதை உடைத்துத் தின்கிறது. ராக்1 யார்? ரைபோசோமோடு ஒட்டி வேலை செய்யும் புரதம். ரைபோசோம் குறையும்போது இதன் தூது ஆர்.என்.ஏவும் சேர்ந்தே குறைகிறது. இரண்டும் ஒன்றாகச் சுருங்குவதால், மைக்ரோகிராம் கணக்கில் ராக்1 அசையாததுபோலத் தெரிகிறது.

விளைவை ஒரு கணக்கில் சொல்கிறேன். ராக்1 செல்லுக்குப் பாதியாகக் குறைந்திருக்கிறது, வேறொரு மரபணு முக்கால் பங்காகக் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.5. கட்டுரையில் ஒன்றரை மடங்கு ஏறியது என்று அச்சாகும், உண்மையில் இறங்கியிருக்கிறது. ஃபஸ்1, ஈஸி1 மாதிரி ஒன்றுமில்லாமையிலிருந்து எழும்பும் மரபணுக்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நூறு மடங்கா இருநூறா என்பதில் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஒன்றரை, இரண்டு மடங்கு என்று நகரும் மரபணுக்கள்தான் மாட்டிக்கொள்கின்றன. பட்டினியில் ஏறியதாகப் படித்த சின்னச் சின்ன ஏற்றங்களை இப்போது ஒரு சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

அதனால் ஒப்பீடுகளையே மாற்றி அமைத்தேன். வளரும் செல், இனச்செல் ஒப்பீட்டுக்கு ஸ்பைக் கட்டாயம். அப்போதும் அதில் தெரிவது பட்டினியும் பாலினமும் கலந்த குழம்பு. பிளஸ் இனச்செல்லையும் மைனஸ் இனச்செல்லையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒரே அளவு பட்டினி, வித்தியாசம் பாலினத்தால்தான். இனச்செல்லையும் அரை மணி சைகோட்டையும் ஒப்பிட்டால் ஊடகம் மாறவில்லை, பட்டினி மாறவில்லை, மாறியது இணைவு ஒன்றுதான். கலக்கும் வேலையின் பாதிப்பு என்ன என்று பார்க்க, பிளஸோடு பிளஸையே கலந்த குழாய் ஒன்று. அதில் ஈஸி1 எழும்பவில்லை.

முற்றிய சைகோஸ்போர்

இதுவரை சொன்னது இளம் சைகோட். முற்றியது வேறு ஜாதி. கலந்த ஓரிரு மணியில் நான்கு கசையிழைகளும் உள்ளே போய், செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். ஒரு நாள் வெளிச்சத்திலும் பிறகு குறைந்தது ஐந்து நாள் இருட்டிலும் தட்டில் வைத்தால் சுவர் கெட்டிப்படும். பக்கத்தில் மிஞ்சிய இணையாத செல்களை பிளேடால் வழித்தெடுத்துவிட்டு, தட்டைக் குளோரோஃபார்ம் ஆவியில் அரை நிமிடம் கவிழ்த்தேன். மற்றவை செத்துப்போகும், சைகோஸ்போர் அசராது.

டிரைசாலுக்கும் அது அசரவில்லை. அப்படியே உருண்டையாக அடியில் கிடந்தது. கண்ணாடி மணிகளோடு குலுக்கினால் சூடேறி ஆர்.என்.ஏ. சிதைகிறது. திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, உறைந்த நிலையிலேயே மணிகளோடு குலுக்குவதை இடையிடையே நிறுத்தி மறுபடி உறைய வைத்தபோதுதான் ஜெல்லில் ரைபோசோம் பட்டைகள் கூர்மையாகத் தெரிந்தன.

ஆனால் இங்கே ஸ்பைக் கைகொடுக்காது. உடைந்த பிறகு எவ்வளவு வீணானது என்பதை அது சொல்லும். எத்தனை செல் உடையவே இல்லை என்பதை அதனால் சொல்ல முடியாது. குலுக்கிய கலவையில் ஒரு சொட்டை எடுத்து முழுசாக நிற்பவற்றை எண்ணிக் கழித்துப் பார்த்தேன். பாதி உடைந்த சுவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில் எண்ணுகிற ஆளுக்கு ஆள் விடை மாறுகிறது. இப்போது அதே டிரைசால் குழாயின் நடு அடுக்கிலிருந்து டிஎன்ஏவையும் எடுத்து, ஓர் உட்கரு மரபணுவின் நகல்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எத்தனை செல் உண்மையில் திறந்தது என்பதை அது சொல்ல வேண்டும். சைகோட்டில் இரண்டு பெற்றோரின் தொகுதியும் இருப்பதால் அதற்கேற்ப வகுத்துக்கொள்கிறேன். அந்த எண் நிலைப்படும்வரை, முற்றிய சைகோஸ்போரின் புள்ளிகளை மற்றக் கட்டங்களோடு ஒரே கோட்டில் இணைக்காமல், வரைபடத்தில் தனிப் பெட்டியாக வைத்திருக்கிறேன்.